இல்லாத பிரியாவைத் தேடியவர்கள்

"மாடியில் பின்பக்க அறையில் இன்னொரு பெண் இருக்கிறாள். அவள் வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை. நம் ஆட்கள் உள்ளே போகிறார்கள்."

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, சிட்னி நார்த்மீட்டில் என் சமையலறையில் நின்றபடி போனில் இதைப் படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஏனென்றால், அந்த இன்னொரு பெண் என்று உலகத்தில் யாரும் கிடையாது. அவளை உண்டாக்கியவள் நான்.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மகள் மதுமிதாவை உங்களில் பலருக்குத் தெரியும். அவளுடைய ஸ்கூல் லஞ்ச் பாக்ஸைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதப்போய், ஒரு வாரம் அவள் என்னோடு பேசாமல் இருந்ததெல்லாம் பழைய கதை. இப்போது அவள் காற்றாலை இன்ஜினியர். போன செப்டம்பரில் அமெரிக்காவில் வேலை கிடைத்தது. ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்காரர்களுக்கென்றே ஒரு விசா வைத்திருக்கிறார்களாம். ரொம்ப சுலபமாகக் கிடைத்துத் தொலைத்தது.

அமெரிக்கா என்றதும் நான் வானுயரக் கட்டடங்களை நினைத்தேன். அவள் போய் இறங்கியதோ கன்சாஸ் மாநிலத்தில் ஒரு குட்டி ஊர். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "அம்மா, அந்த ஊருக்கு நீங்க பண்ணினது போதும்." சரி. இந்த வாரப் பத்தி முழுக்க அது 'அந்த ஊர்'.

மகள் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டால் ஒரு அம்மா என்ன செய்வாள்? சிலர் கோயிலுக்குப் போவார்கள். நான் மேப்பைத் திறந்தேன்.

எட்டு மாதத்தில் அந்த ஊரை நான் கரைத்துக் குடித்துவிட்டேன். ஊரின் நடுவே கிழக்கு மேற்காக ஒரு ரயில் தண்டவாளம். வடக்கே கடைத்தெரு - ஒரு பேங்க், ஒரு போஸ்ட் ஆபீஸ், ஒரு ஹார்டுவேர் கடை, காலையில் ரிட்டையர்டு விவசாயிகள் ஒரே மேஜையில் உட்கார்ந்து காபி குடிக்கிற ஒரு கஃபே. தெற்கே கோதுமை சேமிக்கிற வெள்ளைக் கான்கிரீட் கோபுரங்கள். பத்து மைல் தள்ளி வரும்போதே தெரியுமாம். மேற்கே ஒரு ஓடை. மேடு என்று சொல்ல ஊரில் இருப்பது ஒன்றே ஒன்றுதான், அதில் கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் சப்பாத்திக் கட்டையால் தேய்த்த மாதிரி தட்டை.

தெருக்களுக்கெல்லாம் மரங்களின் பெயர். எல்ம் தெரு, ஓக் தெரு, மேப்பிள் தெரு. பெயர் வைத்தபோது அங்கே ஒரு மரமும் இல்லையாம்! ரயில் கம்பெனிக்காரன் எங்கோ ஆபீஸில் உட்கார்ந்து பெயர் வைத்துவிட்டான். அப்புறம் வந்த ஜனங்கள் அந்தப் பெயருக்காகவே மரம் நட்டார்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஊர் லைப்ரரி, ஊர் வரலாற்றை ஸ்கேன் பண்ணி இன்டர்நெட்டில் போட்டு வைத்திருக்கிறது. அந்த ஊர்க்காரர்களே அதைப் படித்திருப்பார்களா, சந்தேகம். நான் இரண்டு முறை படித்தேன்.

நீராவி ரயில் தண்ணீர் பிடிக்க நின்ற இடம், அதனால்தான் அங்கே ஊர். பக்கத்திலேயே போட்டிக்கு இன்னொரு ஊர் இருந்திருக்கிறது. மாவட்டத் தலைநகர் எது என்று இரண்டுக்கும் சண்டை. நம்மவர்கள் - பாருங்கள், 'நம்மவர்கள்' என்றே எழுதுகிறேன் - வண்டி கட்டிக்கொண்டு போய் அந்த ஊரின் ரெக்கார்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்களாம். இன்று அந்தப் போட்டி ஊர் இல்லை. சோளக்கொல்லை நடுவே ஒரு போர்டு மட்டும் நிற்கிறது.

ஊரின் ஃபேஸ்புக் குரூப்பிலும் சேர்ந்தேன். "உங்களுக்கும் எங்கள் ஊருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்கள். "என் மகள் அங்கே இருக்கிறாள்" என்று எழுதினேன். கதவைத் திறந்துவிட்டார்கள்.

யார் நாய் காணாமல் போனது, யார் வீட்டில் சாவு, சர்ச்சின் அடித்தளத்தில் சாவு வீட்டுச் சாப்பாட்டுக்கு யார் என்ன கொண்டு வருகிறார்கள் என்று ஒரு பெரிய லிஸ்ட்... எல்லாம் காலையில் காபியோடு படிப்பேன். பேங்க் மாடியில் ஒரு வெப்கேம் வைத்திருக்கிறார்கள், வானிலை பார்க்க. அதையும் திறந்து வைத்துக்கொள்வேன். இங்கே காலை என்றால் அங்கே முந்தின நாள் சாயங்காலம். கடைத்தெருவில் ஒரு பிக்கப் டிரக் போகும். பத்து நிமிடம் கழித்து இன்னொன்று போகும்.

"அம்மா, நான் இங்க ரென்ட் கட்றேன். நீங்கதான் இங்க வாழ்றீங்க" என்பாள் மது.

நார்த்மீட்டில் பதினாலு வருஷமாக இருக்கிறேன். எதிர் வீட்டுக்காரர் பெயர் கேட்காதீர்கள்.

சரி, பிரியா விஷயத்துக்கு வருகிறேன்.

மது வாடகைக்கு எடுத்தது எல்ம் தெருவில் ஒரு பழைய மர வீடு. கீழே மூன்று அறை, மாடியில் இரண்டு. தனி ஆளுக்கு! போன முதல் வாரம், ஹார்டுவேர் கடைக்காரர் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். "அவ்வளவு பெரிய வீட்டில் தனியாகவா?" மது இதை போனில் என்னிடம் சொன்னாள்.

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னு சொன்னேன்மா. வாட் எல்ஸ்?"

"அறிவிருக்கா உனக்கு? தனியா இருக்கேன்னு எவன்கிட்டயாவது சொல்வாங்களா? நாளைக்கே போய், ரூம்மேட் வர்றான்னு சொல்லு."

சிரிக்காதீர்கள். உங்களில் எத்தனை பேர் பிளம்பர் வந்ததும் காலி பெட்ரூமைப் பார்த்து, "என்னங்க... பிளம்பர் வந்திருக்கார்!" என்று குரல் கொடுத்திருக்கிறீர்கள்? டாக்ஸியில் ஏறியதும், "இதோ அண்ணன் வாசல்லயே நிக்கிறான்" என்று அடிக்காத போனில் பேசாதவர் யார்? கணவர் ஊரில் இல்லாத வாரம் அவர் சட்டையைக் கொடியில் போட்டு வைக்காதவர்? தமிழ் அம்மாக்களின் பாதுகாப்புப் பொய்கள் ஒரு தனி இலக்கியம். நான் அதில் கொஞ்சம் தேர்ந்தவள், அவ்வளவுதான்.

பெயர் பிரியா. மெல்போர்ன் பெண். லேப்டாப்பில் வேலை, ஆகவே எப்போதும் வீட்டில்தான் இருப்பாள். அதுதான் முக்கியம், எப்போதும் வீட்டில்! கார் ஓட்டமாட்டாள். ரொம்பக் கூச்ச சுபாவம், அதனால் வெளியே வரமாட்டாள். மாடியில் பின்பக்க அறை. கராத்தே தெரியும் என்றும் சேர்க்கச் சொன்னேன். அதற்கு மட்டும் மது ஒத்துக்கொள்ளவில்லை.

பெரிய ஊராக இருந்தால் பிரியா அத்தோடு முடிந்திருப்பாள். அந்த ஊர் விடவில்லை. தீயணைப்புத் தொண்டர்கள் நடத்திய பான்கேக் விருந்துக்கு மது போனால், "பாவம், உன் ரூம்மேட்டுக்கு" என்று ஒரு தட்டு கட்டிக் கொடுத்தார்கள். சர்ச் அம்மாள் ஒருத்தி கம்பளித் தொப்பி பின்னினாள் - இரண்டு. கிறிஸ்துமஸுக்கு வந்த ஆப்பிள் கேக்கின் மேல் 'மது, பிரியா' என்று இரண்டு பெயரும் எழுதியிருந்தது.

"எனக்குக் கஷ்டமா இருக்கும்மா. அந்தத் தொப்பியைப் போட்டுக்கிட்டு பிரியா எப்படி இருக்கான்னு கேக்கறாங்க."

"நல்லா இருக்கான்னு சொல்லு" என்றேன். எனக்கு உள்ளூர சந்தோஷம். பிரியா நன்றாக வேலை செய்கிறாள்!

மார்ச் மாதம் டேல் வந்தார். டேல் என்பவர் ரிட்டையர்டு கணக்கு வாத்தியார், அறுபதைத் தாண்டியவர், ஊர் தீயணைப்புத் தொண்டர்களில் ஒருவர். அங்கே ஒவ்வொரு வசந்தத்திலும், புயல் காலம் தொடங்கும் முன், தொண்டர்கள் வீடு வீடாக அட்டையும் பேனாவுமாக வருவார்கள். மூன்றே கேள்வி. இந்த வீட்டில் எத்தனை பேர் தூங்குகிறீர்கள்? எந்த அறையில்? சைரன் ஊதினால் எங்கே பதுங்குவீர்கள்?

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று அந்த ஊர் வரலாற்றில் நான் படித்திருக்கிறேன். ரொம்ப காலத்துக்கு முன் ஒரு சூறாவளி ஊரைச் சாய்த்துப் போட்டது. எல்லா வீட்டிலும் தேடினார்கள். ஒரு கொட்டகையில் மட்டும் தேடவில்லை. அதில் முந்தின வாரம் வேலை தேடி வந்த ஒருவன் தங்கியிருந்தது யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள்தான் கண்டெடுத்தார்கள். அவன் பெயர்கூடத் தெரியாமல், கல்லறைத் தோட்டத்து மேட்டில் புதைத்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்த அட்டை.

இதையெல்லாம் படித்தவள் நான். படித்துவிட்டு என்ன சொன்னேன்? "ரெண்டு பேர்னு எழுதச் சொல்லு. பிரியா மாடில, பின்னாடி ரூம்."

மது அப்படியே சொன்னாள். டேல் அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை - அங்கே திங்கள் மாலை - பேங்க் வெப்கேமில் வானம் பச்சையாக இருந்தது. பச்சை என்றால் பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் நிறம். கடைத்தெருவில் ஒரு டிரக்கும் இல்லை. விளக்குக் கம்பங்கள் ஆடின. பிறகு படம் போய்விட்டது. 'ஆஃப்லைன்' என்று ஒரு வார்த்தை.

மதுவுக்கு அடித்தேன். போகவில்லை. மறுபடி. மறுபடி. என் கணவர் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறார், அவருக்கு அடித்தேன். "ஒண்ணும் ஆகியிருக்காது. டவர் போயிருக்கும்" என்றார். இந்த மனுஷருக்கு எல்லாமே டவர்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் பேசும்போதே கட் பண்ணினேன்.

அப்போது காலிங் பெல். சிவகௌரி அக்கா. இரண்டு தெரு தள்ளி இருப்பவர், யாழ்ப்பாணத்துக்காரர். செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் சேர்ந்து நடக்கப் போவோம்.

"என்ன பிள்ளை, முகம் பேயடிச்ச மாதிரிக் கிடக்கு?"

சொன்னேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "முதல்ல இதில இரும்" என்றார். நான் உட்காரவில்லை. குரூப்பில் செய்திகள் கொட்டத் தொடங்கியிருந்தன. ஓடைப் பக்கம் கூரைகள் போய்விட்டன. எல்ம் தெருவில் மரங்கள் விழுந்திருக்கின்றன. மூன்றாவது குறுக்குத் தெருவுக்கும் நான்காவதுக்கும் நடுவே, பச்சைக் கூரை வீட்டின் பின்பாதி மேல் ஒரு பெரிய மரம். கேஸ் வாசனை அடிக்கிறது.

பச்சைக் கூரை. மது வீடு.

அக்காவின் கையைப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது, மறுநாள் அவர் மணிக்கட்டில் என் நகக் குறி இருந்தது. அடுத்த செய்தி வர எத்தனை நேரம் ஆனது என்று தெரியாது. வந்தது. "காற்றாலை ஆட்கள் எல்லாரும் வேலையிடத்துப் புயல் ஷெல்டரில் பத்திரம். ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஆஸ்திரேலியப் பெண்ணும் அங்கேதான் இருக்கிறாள்."

திங்கள்கிழமை அவளுக்கு லேட் ஷிஃப்ட். மறந்தே போயிருந்தேன்.

"முருகா!" என்று கத்தினேன். அக்காவும் அழுதார், நானும் அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தால், அதற்குக் கீழேயே அந்த வரி.

'மாடியில் பின்பக்க அறையில் இன்னொரு பெண் இருக்கிறாள்.'

அதற்குக் கீழே ஒருவர்: 'ஆமாம், டேலின் அட்டையில் இருக்கிறது. பிரியா. அவள் வெளியே வரவே மாட்டாளே.' இன்னொருவர்: 'கூப்பிட்டால் பதில் இல்லை. பாவம், மயங்கிக் கிடக்கலாம்.' இன்னொருவர்: 'பிரார்த்தனை செய்யுங்கள்.'

மரம் விழுந்த வீடு. கேஸ் கசிகிற வீடு. அதற்குள் போகிறார்கள். கூலிக்கு அல்ல, கடமைக்கும் அல்ல - தாங்கள் தொப்பி பின்னிக் கொடுத்த ஒரு கூச்ச சுபாவப் பெண்ணுக்காக.

நான் உடனே எழுதியிருக்க வேண்டும். 'அப்படி யாரும் இல்லை.' இவ்வளவுதானே? எழுதவில்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தப் பத்தி எழுதுவதில் அர்த்தமே இல்லை. ஆறு நிமிடம் எழுதவில்லை.

என்ன யோசித்தேன்? ஊர் முழுக்க மதுவைப் பொய்க்காரி என்பார்களே. அங்கே அவள் எப்படித் தலைகாட்டுவாள்? தனியாக இருக்கிறாள் என்பது ஊருக்கே தெரிந்துவிடுமே. அப்புறம் - இதுதான் அசிங்கம் - உள்ளே போய்ப் பார்ப்பார்கள், யாரும் இல்லை என்று திரும்பி வந்துவிடுவார்கள், எதற்கு நாமே வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது? யாருக்கும் ஒன்றும் ஆகாது... இப்படியெல்லாம் யோசித்தேன்.

"என்ன, இன்னும் ஏதும் பிரச்சினையோ?" என்றார் அக்கா.

சொன்னேன். பிரியாவைப் பற்றி நான் வாய் திறந்து சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"இல்லாத ஆளே?" அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அந்த மனுசர் உள்ளுக்குப் போகினமோ? இப்பவோ? பிறகேன் யோசிக்கிறீர்? உடன சொல்லும்!"

"வெக்கமா இருக்குக்கா. மதுவை என்ன நினைப்பாங்க..."

"வெக்கத்தைப் பிறகு பாப்பம்." அக்காவின் குரல் இறங்கியது. "எங்கட தம்பியை நாங்கள் மூண்டு நாள் தேடினனாங்கள், வசந்தி. இடிஞ்ச வீடுகளுக்குள்ள போய்ப் போய்த் தேடினது. தேடுற ஆக்களின்ர பாடு எனக்குத் தெரியும். இல்லாத ஆளை ஆரையும் தேட விடாதையும்."

பத்து வருஷப் பழக்கம். தம்பி ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

குரூப்பில் எழுதினேன். 'பிரியா என்று யாரும் இல்லை. நான் மதுவின் அம்மா. பொய் என்னுடையது. தயவுசெய்து அவர்களை வெளியே கூப்பிடுங்கள்.' அனுப்பினேன். அது மேலே போய்விட்டது, அதற்கு அடியில் நாற்பது செய்தி. யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் மட்டும் பிரார்த்தனைக் கை போட்டார்.

அந்த மாவட்டப் போலீஸ் நம்பர் என்னிடம் இருந்தது. மது போன முதல் வாரமே 'மது ஊர் போலீஸ்' என்று சேமித்து வைத்திருந்தேன். அடித்தேன். எடுத்தது ஒரு பெண். பேசியது இங்கிலீஷில், இங்கே என் தமிழில் தருகிறேன்.

"எல்ம் தெரு, மூணாவது குறுக்குக்கும் நாலாவதுக்கும் நடுவில, மேற்குப் பக்கம், பச்சைக் கூரை வீடு. மாடியில யாரும் இல்ல. உங்க ஆளுங்களை வெளியே கூப்பிடுங்க."

"மேடம், நீங்க இப்ப அந்தத் தெருவுலயா இருக்கீங்க?"

"இல்ல. சிட்னியில இருக்கேன். ஆஸ்திரேலியா."

மறுமுனையில் கீபோர்டு தட்டுகிற சத்தம்.

"அங்க ரெண்டு பேர் இருக்காங்கன்னு லிஸ்ட்ல இருக்கே மேடம்."

"லிஸ்ட் தப்பு. ஒருத்திதான். அவ காற்றாலைல பத்திரமா இருக்கா. இன்னொருத்தி நான் சொன்ன பொய். என் மகள் தனியா இருக்கிறது தெரிய வேண்டாம்னு நான் சொல்லிக் கொடுத்த பொய். ப்ளீஸ்."

அவள் ரேடியோவில் பேசுவது கேட்டது. கரகரவென்று பதில்கள். ஒரு குரல், 'டேல் படியில் இருக்கிறார்' என்றது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுப்பை அணைத்தது அக்காதான் என்று நினைக்கிறேன்.

"எல்லாரும் வெளியே வந்துட்டாங்க" என்றாள் அந்தப் பெண். "ஒருத்தருக்கு அடி. பின்படி உடைஞ்சு கால் முறிஞ்சிருக்கு. ஆம்புலன்ஸ் போகுது." கொஞ்சம் நிறுத்தி, "கூப்பிட்டதுக்கு நன்றி மேடம்" என்றாள். அந்த நன்றியை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

டேலுக்குக் கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. அவர் படியில் கால் வைத்தது எப்போது? என் ஆறு நிமிடத்துக்குள். இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க கணக்கு வாத்தியார் தேவையில்லை.

மத்தியானம் மது கூப்பிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"சர்ச் போர்டுல பிரியா பேர் எழுதியிருந்தாங்கம்மா. ப்ரே ஃபார் பிரியான்னு. நானே போய் அழிக்கச் சொன்னேன். அந்தத் தொப்பி பின்னினவங்க என்கிட்ட ஒண்ணுமே கேக்கல. என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, தேங்க் காட் அவ இல்லைன்னாங்க. ஐ வான்டட் டு டை, அம்மா."

"மது..."

"எட்டு மாசம். ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துப் பொய் சொன்னேன். நீங்க பயந்தீங்கங்கறதுக்காக."

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பதினேழு நாள் ஒரு போன் இல்லை. நான் குரூப்பில் அவளைத் தேடினேன். டேல் வீட்டுக்குத் தினம் ஒருவர் சாப்பாடு கொண்டு போகிற லிஸ்ட் போட்டிருந்தார்கள். வியாழக்கிழமைக்கு எதிரே மதுவின் பெயர். என்ன சமைத்தாள், உப்பு சரியாகப் போட்டாளா, ஒன்றும் தெரியாது.

யோசித்துப் பார்க்கிறேன். நான் மதுரையிலும் சிட்னியிலும் கற்றுக்கொண்ட பாடம் தப்பா? தப்பில்லை. பெரிய ஊரில், நாம் தனியாக இருப்பது யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. சின்ன ஊரில் அது எல்லாருக்கும் தெரிந்திருப்பதுதான் பாதுகாப்பு. அந்த ஊரின் தெரு, ஓடை, ரயில், சண்டை, சாவு எல்லாவற்றையும் படித்தேன். இந்த ஒன்றைப் படிக்கவில்லை. பயந்துகொண்டே படித்தால் எது மண்டையில் ஏறும்?

போன சனிக்கிழமை மதுவிடமிருந்து ஒரு மெசேஜ். ஒரு போன் நம்பர். கீழே ஒரே வரி: 'டேல். நீங்களே பேசுங்க.'

வீடியோவில் வந்தார். சாய்வு நாற்காலி, ஸ்டூல் மேல் கட்டுப் போட்ட கால், மூக்கு நுனியில் கண்ணாடி. நான் இரண்டு நாளாக எழுதி மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததை ஒப்பித்தேன். ஆறு நிமிடத்தைப் பற்றியும் சொன்னேன். அதை அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

அவர் நான் முடிக்கும் வரை பொறுத்திருந்தார்.

"படி பழசு மேடம். என்னைக்காவது உடைய வேண்டியதுதான்" என்றார். "உங்க பொண்ணு வந்திருந்தா. எலுமிச்சம்பழம் போட்ட சாதம் கொண்டு வந்தா. அப்புறம் அட்டையைக் கேட்டு வாங்கி, ரெண்டை அடிச்சுட்டு ஒண்ணுன்னு எழுதினா. புது வீட்டு அட்ரஸும் அவளே எழுதினா. எங்க தெருதான். எங்க வீட்டுலேர்ந்து மூணாவது வீடு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் உங்களைத் திட்ட முடியாது. என் பொண்ணு சிகாகோவுல தனியா அபார்ட்மென்ட்ல இருக்கா. அவ வாசல்ல எப்பவும் ஒரு ஜோடி ஆம்பிளை பூட்ஸ் இருக்கும். சைஸ் பன்னெண்டு. சேறு அப்பின பூட்ஸ். உள்ள ஒரு தடியன் இருக்கான்னு பார்க்கறவன் நினைக்கட்டும்னு நான்தான் அனுப்பி வெச்சேன். என்னோட பூட்ஸ்."

சிரித்தார். நானும் சிரித்தேன். கன்சாஸிலும் கொடியில் சட்டை காய்கிறது! எத்தனை நாள் கழித்துச் சிரித்தேனோ தெரியாது. ஆனால் சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஒரு கேள்வி முளைத்தது. கேட்கக் கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

"டேல்... அந்த பில்டிங்ல தீப் பிடிச்சா, அந்த பூட்ஸ்காரனைத் தேடிக்கிட்டு யாராவது உள்ள போவாங்களே?"

அவர் சிரிப்பு நின்றது. குனிந்து தன் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்.

"இன்னைக்கே அவகிட்டப் பேசறேன்" என்றார்.

பேசியிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த பூட்ஸை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லியிருப்பாரா? ஒரு பெண்ணைப் பெற்றவளாகச் சொல்கிறேன் - மாட்டார்.